பொன்மங்கையும் கறுப்பு மீனும்

அக்கித்தா என்னும் பெயர் நம் கத்தோலிக்க இல்லங்களுக்குப் புதியதன்று. ஜப்பான் நாட்டின் வடபகுதியிலுள்ள அம்மாநிலத்தில், கன்னியர் இல்லம் ஒன்றில் இருக்கும் மரியன்னையின் மரச்சிலை 1975 முதல் 1981 வரை பலமுறை கண்ணீர் வடித்ததாக வந்த செய்தி, செபக் குழுக்கள் வழியாகவும் சிறு வெளியீடுகள் வழியாகவும் நம் பங்குகளை எட்டியிருக்கிறது. அச்சிலையைப் பற்றி ஈண்டு நாம் எழுதப் புகவில்லை. அதே மாநிலத்தின் கிழக்கு மலைகளுக்கிடையே கிடக்கும் ஓர் ஏரியையும், அதன் கரையில் நிற்கும் வேறொரு சிலையையும், அந்நீரில் வாழ்ந்து மறைந்த ஒரு மீனையும் பற்றியே எழுதுகிறோம்.

ஏரியின் பெயர் தசாவா. பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முன்னர் எரிமலை ஒன்று தன் வயிற்றிலிருந்ததையெல்லாம் கக்கித் தீர்த்தபின், மேலே நின்ற நிலம் தாங்குவாரின்றி உள்ளே சரிந்து குழியாயிற்று. அக்குழியில் தேங்கிய நீரே இந்த ஏரி என்பது நிலவியலார் கருத்து. வானிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய வட்டம். குறுக்களவு 6 கிலோமீட்டர், சுற்றளவு 20 கிலோமீட்டர். ஆழம் 423.4 மீட்டர். ஜப்பானில் இதனினும் ஆழமான ஏரி வேறில்லை. நீர்மட்டம் கடல்மட்டத்திற்கு 249 மீட்டர் மேலே இருக்க, ஏரியின் அடித்தரையோ கடல்மட்டத்திற்கும் 174 மீட்டர் கீழே இருக்கிறது. மலைமேல் ஏறிவந்து கடலினும் தாழ்ந்த பள்ளத்தின்மீது மிதக்கிறோம் என்று எண்ணும்போது, படகில் அமர்ந்திருக்கும் நமக்குச் சற்றே கால் கூசத்தான் செய்யும்.

உல்லாசப் படகு கிழக்குக் கரையிலுள்ள ஷிராஹாமா துறையிலிருந்து புறப்படுகிறது. ஷிராஹாமா என்றால் வெண்மணற்கரை என்று பொருள். குளிர்காலம் நீங்கிய மாதங்களில் மட்டும் படகு ஓடும். ஒரு சுற்றுக்கு முக்கால் மணி நேரம்கூடப் பிடிக்காது. பயணிகள் முதலில் வியப்பது நீரின் நிறத்தைத்தான். கரையோரத்தில் பச்சை, சில அடிகள் தாண்டியதும் நீலம், நடுவே செல்லச் செல்ல மை கலந்தாற்போன்ற ஆழ்ந்த நீலம். 1900-களின் தொடக்கத்தில் ஆய்வாளர் இறக்கிய வெண்தட்டு 30 மீட்டருக்கும் கீழே சென்ற பின்னும் கண்ணுக்குத் தெரிந்ததாம். இந்த நீலத்தைப் பற்றிப் பின்னர் ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த ஏரிக்குக் காட்சி காண வந்தவர்களுள் பெயர் பதிந்த மூத்தவர் ஒரு சிற்றரசர். அக்கித்தாவை ஆண்ட சத்தாக்கே குலத்து இரண்டாம் தலைவர் யோஷித்தாக்கா, 1650-ஆம் ஆண்டு இங்கு வந்து வடகரையில் ஒரு பாறைமேல் அமர்ந்து ஓய்வெடுத்தார் என்பர். அப்பாறையின் பெயராலேயே அங்கொரு ஷிந்தோ ஆலயம் இருக்கிறது. அதன் சிவந்த தோரணம் நீரில் நிழலாடும். சத்தாக்கே குலத்தை நாம் வேறொரு காரணத்தாலும் அறிவோம். அவருக்கு முன்னிருந்த யோஷினோபு காலத்தில், 1624-ஆம் ஆண்டு ஜூலையில், இன்றைய அக்கித்தா நகராகிய குபோத்தாவில் கிறிஸ்தவர் 32 பேர் தீயில் எரிக்கப்பட்டனர். வடநாட்டு வெள்ளிச் சுரங்கங்களில் உழைக்க வந்தவர்கள் நடுவிலும் விசுவாசம் வேரூன்றியிருந்த காலம் அது. தலைவர் ஏரியழகு காண வந்தபோது அந்தச் சாம்பலுக்கு 26 வயதே ஆகியிருந்தது. சுற்றுலா ஏடுகள் பாறையைக் குறிப்பிடும், சாம்பலைக் குறிப்பிடுவதில்லை.

இனி ஏரியின் கதை. இக்கரையோரச் சிற்றூரொன்றில் தட்சுகோ என்னும் பேரழகி இருந்தாள். தன் அழகு என்றும் வாடாதிருக்க வேண்டுமென்று கன்னோன் என்னும் அருள்தெய்வத்தை நூறு இரவுகள் வேண்டினாள். வடக்கே ஓர் ஊற்று உண்டு, அதைப் பருகு என்று குரல் வந்தது. பருகினாள், தாகம் அடங்கவில்லை. குப்புறப் படுத்து ஊற்று வற்றும்வரை பருகினாள். நீரில் தன் நிழலைப் பார்த்தபோது அவள் நாகமாகி இருந்தாள். இடியும் மழையும் மலையைப் பிளக்க, பெருகிய ஏரியினுள் அவள் அதன் காவலாய் இறங்கிவிட்டாள். மகளைத் தேடிக் கையில் தீப்பந்தத்தோடு வந்த தாய் கரையில் நின்று கூவினாள். பழைய உருவில் ஒருமுறை தோன்றி மகள் விடைபெற்றாள். தாய் ஆற்றாமையால் எரிகொள்ளியை நீரில் வீசினாள். அந்தக் கொள்ளிக்கட்டை ஒரு மீனாகி நீந்திச் சென்றது.

கதைக்கு இன்னொரு பகுதியும் உண்டு. மேற்கே ஹச்சிரோகாத்தா என்னும் அகன்ற ஏரியில் வாழ்ந்த ஹச்சிரோத்தாரோ என்னும் ஆண்நாகம் குளிர்காலந்தோறும் தட்சுகோவைக் காண இங்கு வந்துவிடுவானாம். அதனால்தான் தசாவா உறைவதில்லை. தலைவன் இல்லாத ஹச்சிரோகாத்தா மட்டும் உறைந்து கிடக்கிறது என்பது ஊர்வழக்கு. தசாவா உறையாததற்கு அதன் ஆழமே காரணமென்று அறிவியல் சொல்லும்; அக்கித்தாவின் பனியில் மூதாட்டிகளுக்கு எந்த விளக்கம் இனித்திருக்கும் என்று நாம் ஊகிக்கலாம். ஜப்பானின் இரண்டாவது பெரிய ஏரியாயிருந்த அந்த ஹச்சிரோகாத்தாவை 1957-இல் தொடங்கி வற்றச் செய்து வயல்களாக்கிவிட்டார்கள். அங்கே 1964-இல் ஒரு புதிய கிராமமே பிறந்தது. ஆண்நாகத்துக்கு இன்று மிச்சமிருப்பது ஓரத்து நீர்தான்.

தாயின் கொள்ளியிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்பட்ட மீன் கற்பனை மீன் அன்று. குனிமாசு என்பது அதன் பெயர். உலகிலேயே தசாவா ஏரியில் மட்டும் வாழ்ந்த நன்னீர்ச் சால்மன் வகை அது. ஒளி புகாத ஆழத்தில், நான்கைந்து பாகை வெப்பமேயுள்ள நீரில் வாழ்வது. மேனி கருமை கலந்தது. கரிந்த கட்டையின் நிறத்தைக் கண்டவர்களே அந்தக் கதையைக் கட்டியிருக்க வேண்டும். மீனவர்கள் ஆழத்தில் வலை இறக்கி, குளிர்காலத்திலும் அதைப் பிடித்தார்கள். ஒரு குனிமாசுக்கு ஒரு ஷோ அரிசி விலை என்பது அக்கரையில் வழங்கிய பேச்சு. ஒரு ஷோ நம் பழைய படியளவைவிடச் சற்றே கூடுதல். எளியவர்கள் அதைப் பிடித்தார்களேயன்றி உண்டார்கள் எனச் சொல்ல முடியாது. பேறுகாலத்துப் பெண்ணுக்கும் நோயாளிக்கும் கொடுக்கும் அரிய உணவாகவே அது கருதப்பட்டது. 1925-இல் அமெரிக்க மீனியல் அறிஞர் ஜோர்டன் இதைத் தனி இனமாக அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதற்குப்பின் பதினைந்தே ஆண்டுகள்.

ஏரிக்கு வடக்கே மலையில் தாமா என்னும் ஆறு பிறக்கிறது. தாமா என்றால் மணி. ஆனால் மக்கள் அதன் நீரை நச்சு நீர் என்றே அழைத்தனர். ஆற்றின் தலைப்பகுதியில் ஒரு கொதிநீர் ஊற்று; நிமிடத்திற்கு ஏறத்தாழ 9,000 லிட்டர், 98 பாகை வெப்பத்தில் பொங்கி வருகிறது. ஒரே கண்ணிலிருந்து இவ்வளவு நீர் பொங்கும் வெந்நீரூற்று அந்நாட்டில் வேறில்லை. நீரின் அமிலத்தை அளக்கும் அளவுகோலில் 7 என்பது நடுநிலை. எண் குறையக் குறைய அமிலம் பன்மடங்கு மிகும். எலுமிச்சைச் சாறு ஏறத்தாழ 2. இந்த ஊற்று 1.2. எரிமலையின் மூச்சு கலந்த நீர் அது. (நோயாளிகள் இன்றும் பாயோடு வந்து அந்தச் சூட்டுப் பாறைகளில் படுத்துக் குணம் தேடுகிறார்கள், ஒரே நீர் ஒருவர்க்கு மருந்தாகவும் பயிருக்கு நஞ்சாகவும் இருப்பது இயற்கையின் விந்தை.) ஆற்றில் மீன் இல்லை, பாய்ந்த வயலில் நெல் தேறவில்லை. 1841-இல் தாகுச்சி கோயெமோன் என்பவரும், அவரைத் தொடர்ந்து அவர் மகனும், ஊற்று நீரை ஆற்றில் சேராமல் திருப்பிவிடப் பல்லாண்டு போராடியதுண்டு. மலை அவர்களுக்கு இணங்கவில்லை.

1930-களுக்கு வருவோம். இங்குதான் அவசரப்பட்டுத் தீர்ப்பிடாதிருக்க நாம் கற்க வேண்டும். வடகிழக்கு ஜப்பான் அந்நாட்டின் ஏழைப் பகுதி. 1934-இல் கோடையே வராதது போன்ற குளிரில் நெல் பதராயிற்று. பள்ளிப் பிள்ளைகள் பசியோடு வந்தனர். கடன்பட்ட குடும்பங்கள் பெண்மக்களை நகரத்து விபசார விடுதிகளுக்கு விற்ற கொடுமையும் பரவலாக நடந்தது. அரசு ஒரு திட்டம் வகுத்தது. தாமா ஆற்றின் நச்சு நீரைத் தசாவா ஏரிக்குள் திருப்பினால், அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் அமிலம் நீர்த்துப் போகும். நீர்த்த நீரைச் செம்போக்குச் சமவெளியின் தரிசு நிலங்களுக்குப் பாய்ச்சலாம். ஏரியிலிருந்து இறங்கும் நீரில் மின்சாரமும் எடுக்கலாம். போருக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நாட்டுக்கு மின்சாரம் தேவை. பசித்த மாநிலத்துக்கு அரிசி தேவை. ஏரியில் வலை வீசிய சில பத்து மீனவக் குடும்பங்களுக்கு ஓர் இழப்பீட்டுத் தொகை போதும் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கில் குனிமாசுக்கு இடமில்லை.

சுரங்க வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. அந்த வேலையில் கொரியத் தொழிலாளர்களும் ஈடுபடுத்தப்பட்டனர். அப்போது கொரியா ஜப்பானின் ஆளுகையில் இருந்தது. அவர்களுள் இறந்தவர்களும் உண்டு. 1939-இல் ஏரிக்கரையில் கன்னோன் சிலையொன்று நிறுவினார்கள். சாகப் போகும் மீன்களுக்கும் தட்சுகோவுக்கும் ஆறுதலாக என்று சொல்லப்பட்டது. வேலையில் மாண்டவர்களுக்காகவும்தான் என்பது பின்னாளில் வரலாற்றை ஆராய்ந்தோர் கூற்று. எதுவாயினும் ஒன்று தெளிவு. மீன்கள் செத்துவிடும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. கொலைக்கு முன்பே கல்லறை கட்டிய செயல் இது என்று சொன்னால் கடுமையாகத் தோன்றலாம், வேறெப்படிச் சொல்வது?

1940 ஜனவரியில் மதகு திறந்தது. சில ஆண்டுகளுக்குள் ஏரியின் அமில அளவு நடுநிலைக்கு அருகிலிருந்து 4-ஐ ஒட்டிய எண்ணுக்கு இறங்கியது. குனிமாசு அற்றது. அமிலத்தைத் தாங்கும் ஒருவகைக் கெண்டையினம் மட்டும் ஓரங்களில் தப்பியது. எதிர்பார்த்த நன்மையேனும் முழுமையாக வந்ததா என்றால், அதுவும் இல்லை. ஏரி வழியே வந்த நீரிலும் அமிலம் இருந்ததால் உழவர்கள் வெகுகாலம் அல்லற்பட்டனர். ஆனாலும் வாய்க்கால் ஓடிற்று, தரிசு வயலாயிற்று, மின்விளக்கு எரிந்தது. அந்த அரிசியை உண்டு வளர்ந்த பிள்ளைகளிடம் சென்று, உங்கள் சோற்றைவிட ஒரு மீன் பெரிது என்று நாம் சொல்லத் துணியோம். அதே வேளையில், ஒரே ஒரு நீரில் மட்டும் படைக்கப்பட்டிருந்த ஓர் உயிரை அழிக்கும் உரிமையை அவர்களுக்கு யார் கொடுத்தார் என்ற கேள்வியும் வாய் மூடுவதில்லை. பாலைநிலத்தில் திரளாயிருந்த மக்கள்முன் அப்பமும் மீனும் ஒரே கூடையிலிருந்து வந்தன. தசாவாவில் அவற்றைப் பிரித்து, ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள்.

முன்பு நிறுத்திய நீலத்திற்கு இப்போது திரும்புவோம். ஏரி முன்பும் நீலமாகவே இருந்தது; ஆழமே அதற்குக் காரணம். ஆனால் இன்று படகின் விளிம்பில் சாய்ந்து பார்ப்பவர் காணும் தெளிவு, உயிர் குறைந்த நீரின் தெளிவுமாகும். ஒலிபெருக்கியில் ஏரியின் ஆழத்தைச் சொல்வார்கள், தட்சுகோவின் கதையைச் சொல்வார்கள். பயணிகள் கைதட்டிப் படமெடுப்பார்கள். நாமும் எடுப்போம். அழகாகத்தானே இருக்கிறது.

மேற்கரையில் கத்தாஜிரி என்னுமிடத்தை அணுகும்போது எல்லாரும் ஒரே பக்கமாக எழுந்து நிற்பார்கள். நீரோரத்தில் பொன்னிறமாக ஒரு பெண் நிற்கிறாள். வெண்கலத்தில் வார்த்துப் பொன் ஒட்டிய தட்சுகோ சிலை. ஆளுயரத்தைவிடச் சற்றே உயரம். 1968-இல் நிறுவப்பட்டது. இதை வடித்த சிற்பி புனக்கோஷி யசுத்தாக்கே ஒரு கத்தோலிக்கர்.

அவரை நம் வாசகர் அறிந்துகொள்வது நன்று. 1912-இல் அக்கித்தாவுக்குக் கிழக்கே மலைத்தொடருக்கு அப்பாலுள்ள இவாத்தே மாநிலத்தில் பிறந்தவர். தந்தை பக்தியுள்ள கத்தோலிக்கர். ஆனால் மகன் திருமுழுக்குப் பெற்றது 1950-இல், தம் கைக்குழந்தையைப் பறிகொடுத்த துயரத்துக்குப் பின்பே. நாகசாகி நகரின் நிஷிசாக்கா குன்றில் நிற்கும் இருபத்தாறு மறைசாட்சியரின் நினைவுச்சின்னம் இவர் கைவண்ணம். 1597 பிப்ரவரி 5 அன்று சிலுவைகளில் அறையப்பட்டு ஈட்டியால் குத்தப்பட்ட அவர்களுள் பவுல் மீக்கியும் இருந்தார். மூன்று சிறுவர்களும் இருந்தனர். பம்பாய்க்கு அருகே வசாயில் பிறந்து, பாரத மண்ணின் முதற் புனிதராய் விளங்கும் கொன்சாலோ கார்சியாவும் இருந்தார். 1862-இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அவர்களைப் புனிதராக உயர்த்திய நூற்றாண்டு நிறைவில், நான்காண்டு உழைப்புக்குப்பின் புனக்கோஷி அச்சின்னத்தை நிறைவேற்றினார். சிலுவையை அவர் காட்டவில்லை, ஈட்டியையும் காட்டவில்லை. இருபத்தாறு பேரும் வரிசையாய், புகழ்பாடும் வாயினராய் நிற்கிறார்கள். கூர்ந்து நோக்கினால் நிற்கவும் இல்லை. பாதங்கள் தரை தொடாமல் கீழ்நோக்கித் தொங்க, மேலெழும் நிலையில் இருக்கிறார்கள்.

அதற்கு ஆறாண்டுகள் கழித்துத்தான் தட்சுகோ. பிற சமயத்துப் பழங்கதையின் நாயகியை ஒரு கத்தோலிக்கச் சிற்பி வடித்ததில் நமக்கு வியப்பில்லை. நம் ஊர்ச் சிற்பிகள் எல்லாச் சமயத்தாருக்கும் உருவம் செய்பவர்களே. வியப்புத் தருவது வேறு. அவர் நாகத்தைக் காட்டவில்லை, பேராசையையும் காட்டவில்லை. மெலிந்து நிமிர்ந்த எளிய இளம்பெண்ணைக் காட்டினார். அவர் கல்லில் செதுக்கிய புனிதப் பெண்களின் அமைதி இவள் முகத்திலும் உண்டு. அழியா அழகு கேட்டவள், உயிரிழந்து இருபத்தெட்டு ஆண்டாகிவிட்ட ஏரியின் விளிம்பில், துருவேறாத பொன்னுடையில் நிற்கிறாள். அவள் தாய் வீசிய கொள்ளியில் பிறந்த மீன் அப்போது எங்கும் இல்லை என்றே அனைவரும் நம்பியிருந்தனர். புனக்கோஷி 1987-இல் பக்கவாதத்தால் வலக்கை இழந்தும் இடக்கையால் தொடர்ந்து பணியாற்றினார். 2002 பிப்ரவரி 5 அன்று, தாம் வடித்த மறைசாட்சியர் உயிர் ஈந்த அதே நாளில், இறைவனடி சேர்ந்தார்.

மீன் உண்மையிலேயே அற்றுவிட்டதா? ஏரிக்கரையினர் மனம் ஏற்கவில்லை. மதகு திறப்பதற்கு முன், 1935-இல், குனிமாசு முட்டைகள் வேறு சில ஏரிகளுக்கு அனுப்பப்பட்டிருந்தன. மீன்வளம் பெருக்க ஓர் ஏரியின் முட்டையை இன்னோர் ஏரியில் விடுவது அக்காலத்து நடைமுறை. ஃபூஜி மலையடிவாரத்துச் சாய் ஏரிக்கு மட்டும் ஒரு லட்சம் முட்டைகள் சென்றன. அவை பிழைத்ததாகப் பிறகு யாரும் சொல்லக் கேட்டதில்லை. 1990-களில் ஊரின் சுற்றுலாச் சங்கத்தார், குனிமாசைக் கண்டுபிடித்துத் தருவோர்க்குப் பரிசு என்று அறிவித்தனர். முதலில் பத்து லட்சம் யென், பின்னர் ஐம்பது லட்சம். பலர் பல மீன்களைக் கொண்டுவந்தனர். ஒன்றும் அதுவன்று. பரிசு யாருக்கும் கிட்டாமலே அறிவிப்பு முடிந்தது.

இதற்கிடையே ஆற்றின் நஞ்சைத் தணிக்கும் வேலையும் நடந்தது. 1989-இல் தொடங்கி, ஊற்று நீரைச் சுண்ணாம்புக்கல் நிரப்பிய தொட்டிகளின் வழியே செலுத்தி ஆற்றில் விடுகிறார்கள். பல டன் சுண்ணாம்புக்கல் நாள்தோறும் கரைகிறது. மேற்பரப்பில் அமிலம் ஓரளவு குறைந்தது. ஆனால் ஏரியின் அமில அளவு இன்னும் 5-ஐச் சுற்றியே நிற்கிறது. சில ஆண்டுகளில் செய்ததைப் பல பத்தாண்டுகளாகியும் மாற்ற முடியவில்லை.

2010-இல் செய்தி வந்தது. கியோத்தோ பல்கலைக்கழகத்து மீனியல் பேராசிரியர் தெத்சுஜி நாக்காபோ, அற்றுப்போன குனிமாசின் படம் ஒன்று வரையுமாறு ஓவியர் ஒருவரைக் கேட்டிருந்தார். மீன் வடிவத் தொப்பியோடு தொலைக்காட்சியில் தோன்றிச் சிறுவர்களை மகிழ்விக்கும் அவர் பெயர் சக்கானா-குன். மீன்தம்பி என்று நாம் தமிழாக்கலாம். வரைவதற்கு மாதிரியாக உறவினமான மீன்களைச் சாய் ஏரியிலிருந்து வரவழைத்தார். வந்தவற்றுள் சில கருத்திருந்தன. ஐயமுற்று அவற்றைப் பேராசிரியரிடம் கொண்டு சென்றார். செவுள் அமைப்பையும் மரபணுவையும் ஆராய்ந்ததில் ஐயம் தீர்ந்தது. குனிமாசு உயிரோடிருந்தது. பிறந்த ஏரியிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில், 75 ஆண்டுகளாக, தலைமுறை தலைமுறையாக அது வாழ்ந்து வந்திருக்கிறது. அவ்வூர் மீனவர்கள் அதைக் கறுப்பு மீன் என்று அழைத்து, மற்ற மீனோடு மீனாகப் பிடித்து, சுட்டுத் தின்றும் வந்திருக்கிறார்கள். பேரரசர் அக்கிஹித்தோவே அவ்வாண்டுப் பிறந்தநாள் உரையாடலில் இதைக் குறிப்பிட்டு மகிழ்ந்தார். 2013-இல் அரசின் பட்டியலில் “அற்றுப்போனது” என்ற சொல் நீக்கப்பட்டு, “தன் இயற்கை வாழிடத்தில் அற்றுப்போனது” என்று திருத்தப்பட்டது.

2017-இல் தசாவா கரையில் குனிமாசுக்கென ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். மீனவர்களின் பழைய படகும் வலையும் அங்கே இருக்கின்றன. குளிரூட்டிய கண்ணாடித் தொட்டியில், சாய் ஏரியில் தப்பிப் பிழைத்த குலத்தின் மீன்கள் சில மெல்ல நீந்துகின்றன. கருமையானவை, பார்வைக்கு எளியவை. பொன்மங்கையைப் படமெடுத்துத் திரும்பும் பயணிகளுள் சிலர் உள்ளே வந்து எட்டிப் பார்க்கிறார்கள். சன்னலுக்கு வெளியே ஏரி தெரிகிறது. தொட்டிக்கு மட்டும் வேறு நீர் ஊற்றுகிறார்கள்.